ஆடி மாத மண்டபம்

முதல் லாட்ஜ் காந்திபுரம், பேருந்து நிலையத்துக்கு எதிரே.
பன்னிரண்டு பெண்கள், கூட நான் என்றேன்.
"ஜென்ட்ஸ் யாரும் வர்லீங்களா?"
அவனுக்குப் பதில் சொல்லவில்லை.
கேட்க வேண்டியதை அறைக்குப் போய்
கதவிடமே கேட்டேன்.
ஒற்றைத் திருகாணியில் ஆடிய உள்தாழ்ப்பாள்
உள்ளதைச் சொல்லிவிட்டது.

இரண்டாவது உப்பிலிபாளையம்.
தாழ்ப்பாள் சரி, தண்ணீர் சரி,
இந்த வாரம் தேதி வரும் இரண்டு பேருக்கு
தனிக் குளியலறைகூட இருந்தது.
ஆனால் நான்காவது மாடி.
லிஃப்ட் "நாளைக்கு ஓடிருமுங்க."
நாளைக்கு ஓட வேண்டிய இருபத்துநாலு கால்களைப்
படிக்கட்டில் செலவழிக்க எனக்கு மனசில்லை.

மூன்றாவதன் வாடகையைக் கேட்டதும்
நான் வாய் திறக்கும் முன்பே
மௌலிகா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

தலைக்கு இருநூறு படி என்று
காகிதம்தான் வந்திருந்தது, பணம் வரவில்லை.
வாஷிங் மெஷினுக்கென்று எடுத்த சீட்டுப் பணம்
என் கைப்பையின் உள்ஜிப்பில்.
அது பெண்களுக்குத் தெரியாது.
தோசை எழுபது என்ற பலகையைப் பார்த்து
"பசியே இல்லீங் டீச்சர்" என்று
பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால்
தெரிந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

சிங்காநல்லூரில் டீ ஆற்றியவர்தான் சொன்னார்:
"ஏனுங், ஆடியில எவன் கல்யாணம் பண்றான்?
மண்டபம் பூராச் சும்மாதான கெடக்குது."

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்பட்ட காற்று
துப்பட்டாக்களை எல்லாம் திருப்பூர்ப் பக்கம் இழுக்க
நடந்தே போனோம்.
காவலர் மாரப்பன் பேரேட்டை விரித்தார்.
மணமகள் பெயர், மணமகன் பெயர்.
முதல் கட்டத்தில் பள்ளிக்கூடத்தை எழுதினேன்.
அடுத்ததில் கோடு போடப் போனவளைத் தடுத்தார்,
"கோடு போட்டா ஓனரு வைவாருங்க."
யாருடன் மோதுவது என்று சீட்டுக் குலுக்கவில்லை இன்னும்.
"நாளைக் காலை தெரியும்" என்று எழுதினேன்.
அவர் எழுத்துக்கூட்டிப் படித்து
சரிங்க என்று மூடிவைத்தார்.

மணமகள் அறை.
சுற்றிலும் பல்பு எரியும் நிலைக்கண்ணாடி முன்னால்
ஜஸீமா கணுக்காலுக்குக் கட்டுப்போட்டாள்.
வரவேற்பு மேடையின் சிவப்பு வெல்வெட் நாற்காலியில்
கேப்டன் பூவரசி,
முழங்காலில் ஐஸ் பொட்டலம்,
கையில் தட்டு.

பின்கட்டில் பாவாயக்கா.
ஆனி முடிந்ததிலிருந்து அடுப்பு மூட்டாதவள்.
"நூறு பேருக்குக் கீழ எனக்கு
உப்புப் போட வராதுங் கண்ணு."
இருந்ததிலேயே சின்ன அண்டாவில்
அரிசிம்பருப்பு சாதம். சொன்னபடியே உப்பு தூக்கல்.
தயிரை ஊற்றிக்கொண்டு
மூன்று தடவை வாங்கினார்கள்,
பசியே இல்லாதவர்கள்.
என்ன தரட்டும் என்றேன்.
"அரிசிக்குக் குடுங்க. அடுப்பு துருப்புடிக்காம
எரிஞ்சதுக்கு நான் ஏன் காசு வாங்கோணும்?"

இரவு இரண்டு முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.
பித்தளை. என் கட்டைவிரல் கனம்.
ஜமக்காளத்தில் வரிசையாய்ப் படுத்திருந்தார்கள்.
ஒருத்தி தலை கிழக்கே, அடுத்தவள் தலை மேற்கே,
யாரும் சொல்லாமலே
ஆட்டத்தில் உட்கார்வது போல மாற்றி மாற்றி.

நாலரை மணி.
ஓரத்தில் கிடந்தவளின் முதுகை மட்டும் தொட்டு
"கோ" என்றேன்.
கண் திறக்காமலே எழுந்தவள்
பக்கத்து முதுகைத் தொட்டாள். கோ.
அவள் அடுத்தவளை. கோ.
பல்பு போடும் முன்பே
பன்னிரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

பின்கட்டிலிருந்து குரல்:
"தலைக்கு எத்தன இட்லிங் டீச்சர்?"
மூணு போதும் என்றேன்.
ஆட்டம் முடிந்து எத்தனை என்று
இப்போதே சொல்ல முடியாது.